அங்கே பொறியியல், இங்கே ஒப்பாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பரிந்துரைக்கும் பகுதியில், ஐரோப்பாவில் சொகுசுப் படகுகள் கட்டப்படுவதைக் காட்டும் ஒரு தொடரைப் 'பொறியியல் அற்புதம்' என்று பாராட்டியிருந்தீர்கள். அடுத்த பத்தியிலேயே, கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் கட்டப்படும் உரு என்ற மரக்கப்பலைப் பற்றிய நிகழ்ச்சிக்கு 'நெஞ்சை உருக்குகிறது' என்று ஒரே வரி. இரண்டையும் பார்த்தேன். உங்கள் விமர்சகரைக் குறை சொல்லிப் பயனில்லை; அவர் பார்த்ததை எழுதியிருக்கிறார். எடுத்தவர்களே அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள்.

சொகுசுப் படகுத் தொடரில் எஃகு உடலுக்கு மேல் அலுமினியக் கட்டுமானம் ஏன், அலையில் ஆடாமல் இருக்க என்ன பொறி, அது எப்படி வேலை செய்கிறது என்று வரைபடம் போட்டு விளக்குகிறார்கள். ஜெர்மனியின் லூர்சென் நிறுவனம் 2013இல் முடித்த 'அஸ்ஸாம்' என்ற சொகுசுப் படகு 180 மீட்டர் நீளம். அவ்வளவு பெரியதைத் தண்ணீரில் இறக்குவதில் என்ன சிக்கல் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். பேப்பூர் நிகழ்ச்சியில் அந்த மாதிரி ஒரு கேள்விகூட இல்லை. சூரிய அஸ்தமனம், புல்லாங்குழல், ஒரு முதியவரின் காய்த்துப்போன உள்ளங்கை, 'காகிதத்தில் வரைபடமே இல்லை!' என்ற வியப்பு. அத்தோடு முடிந்தது.

வரைபடம் இல்லை என்றால் கணக்கு இல்லை என்றா பொருள்? உருவை முதலில் பலகைகளால் எழுப்புகிறார்கள். உள்ளே விலா எலும்புபோல் தாங்கும் வங்கு என்ற மரச்சட்டங்களைப் பிறகுதான், எழுந்து நிற்கும் உடலுக்கு ஏற்பச் செதுக்கிப் பொருத்துகிறார்கள். எலும்புக்கூட்டை முதலில் நிறுத்திவிட்டு அதன்மேல் பலகை அடிப்பதற்கு நேர் எதிரான முறை இது. கப்பலின் வடிவம் முழுவதும் பலகையின் வளைவிலேயே தீர்மானமாகிறது. ஒரு பலகை பிசகினால் அதன் மேல் வரும் எல்லாமே பிசகும். அதை எப்படிச் சரிபார்க்கிறார்கள், எந்த அளவிலிருந்து எந்த அளவைப் பெறுகிறார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'பரம்பரை ஞானம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அந்தச் சொல்லைப் போட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம் போலிருக்கிறது.

தூத்துக்குடியில் தோணிகளுக்குச் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். பலகைகளின் இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலையை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை உளியால் இடுக்கில் செலுத்தி, கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே போவார்கள். தட்டும் ஓசை முதலில் மொத்தென்று கேட்கும். பஞ்சு இறுகியதும் கணீரென்று மாறும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். மேலும் ஒரு போடு போட்டால் பலகைகள் விலகும், குறைந்தால் நடுக்கடலில் நீர் கசியும். நான் பார்த்த ஓடாவி, அதாவது படகுத் தச்சர், வேலை முடியும் வரை யாரையும் பக்கத்தில் பேச விடமாட்டார். நிகழ்ச்சியில் இந்த ஓசை வரும் இடத்தில்தான் புல்லாங்குழலை வைத்திருக்கிறார்கள்!

சொகுசுப் படகிலும் கைவேலை உண்டு. வண்ணம் பூசுமுன் அந்த எஃகு உடல் முழுவதும் நிரப்புப் பசை பூசி, நீண்ட பலகைகளில் உப்புத்தாள் ஒட்டி, மாதக்கணக்கில் ஆட்கள் தேய்க்கிறார்கள். கண்ணாடிபோல் பளபளப்பது அதனால்தான். அவர்கள் திரையில் வருவது சில நொடிகள்; நீச்சல் குளத்துக்கும் ஹெலிகாப்டர் தளத்துக்கும் பத்து நிமிடம். ஆகவே இது ஐரோப்பா, ஆசியா என்ற பாகுபாடு மட்டும் அல்ல. வாங்குகிறவரைக் காட்டும் ஆர்வம் செய்கிறவர் மேல் இல்லை.

இன்னொரு வேடிக்கை. பேப்பூர் உருக்களில் பலவற்றை வாங்குவது வளைகுடா நாட்டுச் செல்வந்தர்கள், உல்லாசப் பயணத்துக்காகத்தான். அதாவது உருவும் ஒரு சொகுசுப் படகே. அலங்காரம் முடிந்து தோஹாவில் நிற்கும்போது படம் எடுத்தால் ஆடம்பரம். பேப்பூரின் சாலியாற்றங்கரையில் நிற்கும்போது எடுத்தால் அழியும் கலை.

இந்தத் தொழில் நலிந்திருப்பது உண்மை. ஏன் நலிந்தது? தேக்கு விலை எட்டாத உயரத்துக்குப் போனது. ஒரு உருவை முடிக்க ஆண்டுகள் பிடிக்கின்றன; அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. சரக்கு எஃகுக் கப்பலுக்கும் மீன்பிடி ஃபைபர் படகுக்கும் போய்விட்டது. கூலி எவ்வளவு, இளைஞன் ஏன் வருவதில்லை என்று கேட்டால் பதில் கிடைக்கும். அதைக் கேட்காமல் சோக இசை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கப்பியும் கயிறும் கொண்டு உருவை ஆற்றில் இறக்கும் மாப்பிள்ளைக் கலாசிகள் என்ற மலபார் முஸ்லிம் தொழிலாளர்களை 'நாட்டுப்புறப் பாடல் பாடுவோர்' என்ற அளவில் காட்டினார்கள். 1988இல் கேரளத்தின் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் அஷ்டமுடிக் காயலில் கவிழ்ந்தபோது, பெட்டிகளைக் கரைக்கு இழுக்க அழைக்கப்பட்டவர்கள் இந்தக் கலாசிகள். அந்தப் பாட்டு, எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் இழுப்பதற்கான தாளம்.

இப்படித்தான் எடுக்க முடியும் என்றும் இல்லை. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்த 'கௌண்டின்யா' என்ற பாய்மரக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அஜந்தா ஓவியத்தில் உள்ள ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, கப்பல் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர்கள் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். அதன் மாதிரியைச் சோதித்தது சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை. தச்சரும் பேராசிரியரும் ஒரே கப்பலைப் பற்றிப் பேச முடிந்திருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்களுக்கும் அது முடியும்.

உங்கள் விமர்சகர் அடுத்த முறை இத்தகைய நிகழ்ச்சியைப் பரிந்துரைக்கும்போது, அதில் மேஸ்திரி எத்தனை நிமிடம் பேசுகிறார், வேலையைப் பற்றி அவரிடம் என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி