முனிராஜுக்கு, உன் சைக்கிள் பற்றி

ஓசூர்,
மார்கழி

அன்புள்ள முனிராஜ்,

நீ அனுப்பிய வீடியோவைச் சத்தத்தோடு பலமுறை ஓட்டிப் பார்த்தேன். பெடல் சுற்றுகிறது, செயின் ஓடுகிறது, பின் சக்கரம் மட்டும் அசையவில்லை. பெடலைப் பின்னுக்குச் சுற்றும்போது வர வேண்டிய டிக் டிக் சத்தமும் இல்லை. அதை வைத்துச் சொல்கிறேன்: கியர் கெடவில்லை. அங்கே கடைக்காரர் சொன்னார் என்று புதுச் செட்டுக்குப் பணத்தைக் கொட்டாதே.

பின் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள் சின்னச் சின்னக் கொக்கிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மெல்லிய ஸ்ப்ரிங் வெளியே தள்ளி, உள்பல்லில் மாட்டிவிடும். நாம் மிதிப்பது சக்கரத்துக்குப் போவதே அந்த வழியில்தான். கம்பெனியில் வைத்த கிரீஸ், கனடாவில் உன் கால்கரியின் மைனஸ் 20 டிகிரியில், மார்கழியில் பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி இறுகிவிடுகிறது. படுத்த கொக்கியை எழுப்ப அந்த ஸ்ப்ரிங்குக்குத் தெம்பு போதாது. ஹப்பைத் திறந்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கொக்கிகளுக்கு மட்டும் லேசான எண்ணெய் சில சொட்டு விடு. கடுங்குளிருக்கென்றே விற்கிற கிரீஸ் கிடைத்தால் அதையே மெல்லிசாகத் தடவு. பேரிங்குக்கு கிரீஸ் வேண்டும், அதைத் துடைத்துவிடாதே. திறக்காமல் வெளியிலிருந்து ஸ்ப்ரே அடிப்பது வேண்டாம். பேரிங்கில் இருக்கிற கிரீஸையும் அது கரைத்துவிடும்.

ஆனால் முனிராஜ், வண்டியைப் படுக்கவைப்பதில் குளிரைவிடத் தண்ணீருக்குப் பங்கு அதிகம். ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் வண்டியை நிறுத்துவதாகச் சொன்னாய். ஒட்டியிருந்த பனி அங்கே உருகி கேபிள் உறைக்குள் இறங்குகிறது. சூடான காற்றின் ஈரமும் சில்லிட்ட இரும்பில் முத்து முத்தாகப் படிகிறது. காலையில் வெளியே எடுத்ததும் அத்தனையும் ஐஸ், கியர் மாறாது. உங்கள் ஊரில் சினூக் என்கிற வெப்பக் காற்று அடித்தால் ஒரே நாளில் பனி உருகி மறுபடி உறையுமாமே, அந்த நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். வண்டி ஹீட்டர் இல்லாத ஷெட்டிலேயே நிற்கட்டும். உள்ளே எடுத்தே ஆகவேண்டும் என்றால், பனியை வாசலிலேயே தட்டிவிட்டு, துடைத்து, முழுக்கக் காயும்வரை வெளியே கொண்டுபோகாதே. உறைந்த கேபிளில் வெந்நீர் ஊற்றாதே. அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் அப்புறம் உறையும்.

பிரேக் லிவர் மெதுவாகத் திரும்புகிறது என்றாயே, அது பிரேக்குக்குள் இருக்கிற மினரல் ஆயில் குளிரில் தடிப்பதால் வருவது. கிளம்புமுன் பலமுறை அழுத்தி விடு, சரியாகும். குளிரில் நன்றாக ஓடும் என்று யாராவது சொன்னால்கூட அதில் டாட் (DOT) என்கிற வேறு வகை பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதே. ரப்பர் சீல் ஊதிப்போய் பிரேக்கே போய்விடும். உயிர் விஷயம்.

காற்றைப் பொறுத்தவரை ஒரு கணக்கு. 20 டிகிரி அறையில் டயருக்கு 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்தால், மைனஸ் 20-இல் 24-க்கு இறங்கிவிடும். பனியில் கொஞ்சம் இறங்கின டயர் நல்ல பிடிப்புத் தரும், அதனால் பயப்பட வேண்டாம். முன் சக்கரத்தின் ஷாக் ஃபோர்க்கிலும் காற்று இறங்கும், எண்ணெயும் தடித்து மந்தமாக எழும். அழுத்தத்தை வெளிக்குளிரிலேயே பார்த்துச் சரிசெய். சாலையில் உப்பு போட்டிருந்தால் அன்றன்றே செயினைத் துடைத்து, மழைக்காலத்துக்கென்று விற்கிற கெட்டி எண்ணெய் விடு. உப்பை மறுநாளைக்கு விட்டால் துரு ஏறிவிடும்.

இங்கே காலை எட்டு மணிவரை மூடுபனி. காதலர் தினத்துக்காக ரோஜாத் தோட்டக்காரர்கள் இப்போதே ஓய்வில்லாமல் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெங்களூர்ப் பையன்கள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று மலை ஏறிவிட்டு, திரும்பும் வழியில் என் கடையில் வண்டியை விடுகிறார்கள். ஊரில் கியர் சைக்கிளைத் திறந்து பார்க்கத் தெரிந்த பையன்கள் பெருகுவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

போன வாரம் ராயக்கோட்டை போனபோது அம்மாவைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார்கள். களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் போட்டு, சாப்பிடாமல் விடவில்லை. நீ இருட்டில் பனியில் ஓட்டுவதுதான் அவர்களுக்குக் கவலை. முன்னும் பின்னும் விளக்கு போட்டிருக்கிறாய் என்று போனில் நீயே சொல்லிவிடு.

ஹப்பைத் திறந்ததும், கழற்றுவதற்கு முன்பே, கொக்கிகள் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஸ்ப்ரிங் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாதேஷ்