ரங்காராவ், சாவித்திரி படங்களின் தமிழ்ப் பிரதிகளையும் காத்துத் தாருங்கள்

புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2024இல் தெலுங்கு நடிகர் அக்கினேனி நாகேஸ்வரராவின் நூற்றாண்டையொட்டி அவருடைய பழைய படங்கள் நாட்டின் பல நகரங்களில் மீண்டும் திரைக்கு வந்தன. தேவதாசு, மிஸ்ஸம்மா, மாயா பஜார், குண்டம்மா கதா ஆகிய நான்கும் அவற்றில் இருந்தன. அதற்காக உழைத்த அனைவருக்கும் முதலில் என் நன்றி. அந்த நான்கு படங்களிலும் எஸ்.வி.ரங்காராவும் சாவித்திரியும் நடித்திருக்கிறார்கள். நான்குமே தமிழிலும் எடுக்கப்பட்டவை. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

திரையில் ஜோடி என்றால் நாயகனையும் நாயகியையும் மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். ரங்காராவும் சாவித்திரியும் அந்தக் கணக்கில் வராதவர்கள். நூசிவீட்டில் பிறந்த அவரும் குண்டூர் மாவட்டத்துச் சிர்ராவூரில் பிறந்த இவரும் சென்னை ஸ்டூடியோக்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அருகருகே வேலை செய்தார்கள். வடபழனியில் விஜயா வாஹினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று வணிக வளாகமும் மருத்துவமனையும் நிற்கின்றன. அங்கே எடுத்த இருமொழிப் படங்களில் மொழி மாறும்போது நாயகனும் மாறினார். மிஸ்ஸம்மாவில் என்.டி.ராமாராவ் ஏற்ற வேடத்தை மிஸ்ஸியம்மாவில் ஜெமினி கணேசன் ஏற்றார். மாயா பஜாரில் நாகேஸ்வரராவின் அபிமன்யு தமிழில் ஜெமினிக்குப் போனான். குண்டம்மா கதா ‘மனிதன் மாறவில்லை’ ஆனபோதும் ராமாராவின் இடத்தில் ஜெமினிதான். ரங்காராவும் சாவித்திரியும் மாறவேயில்லை. இரண்டு மொழி ரசிகர்களும் அவர்களைத் தம்மவராகவே ஏற்றுக்கொண்டதால், அவர்களுக்கு மாற்று தேட வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

மிஸ்ஸம்மா வெளியானபோது ரங்காராவுக்கு வயது முப்பத்தாறு. காணாமற்போன மூத்த மகளின் நினைவோடு வாழும் ஜமீன்தாராக அவர் வருகிறார். வேலைக்காக இன்னொருவரின் மனைவியாக நடிக்கும் மேரியாக சாவித்திரி வருகிறார். தான் பெற்ற பெண்ணாகவே எண்ணி அவர் உருகப் பேசுவதும், அந்த அன்பு பிடிக்காமலும் அதை உதறித் தள்ள முடியாமலும் அவள் சிடுசிடுப்பதும் படம் முழுவதும் ஓடுகின்றன. முப்பத்தாறு வயதுக்காரர் அந்தத் தள்ளாமையை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு வியப்பாக இருக்கும். வேறொரு நடிகை அந்தச் சிடுசிடுப்பைக் கோபமாக மட்டுமே காட்டியிருப்பார். சாவித்திரியின் முகத்தில் கோபத்துக்குக் கீழே ஒரு கூச்சம் இருக்கிறது.

1957இல் வந்த மாயா பஜாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கடோத்கஜனான ரங்காராவ் மாயையால் நாயகி சசிரேகையின் உருவம் எடுக்கிறார். அதன்பிறகு திரையில் இருப்பது சாவித்திரி, உள்ளே இருப்பது ரங்காராவ். தெலுங்கில் ‘ஆஹா நா பெள்ளியண்ட’ பாடலில் மணப்பெண்ணுக்குரிய நாணத்தோடு சாவித்திரி குழைந்து ஆடிக்கொண்டிருக்கும்போது சுசீலாவின் குரலுக்கிடையே கண்டசாலாவின் ஆண்குரல் திடீரென்று எழுகிறது. அந்த நொடியில் சாவித்திரியின் தோள்கள் விரிந்து, மார்பு நிமிர்ந்து, நடையில் ஓர் அரக்கனின் கனம் வந்து இறங்குகிறது. அடுத்த நொடியில் மீண்டும் நாணம். ரங்காராவ் தலையைச் சற்றே சாய்த்து உறுமும் விதத்தையும் கையை வீசும் விதத்தையும் சாவித்திரி எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் இது கைவந்திருக்கும்! இருவரும் ஒரே சட்டகத்தில் நிற்காத இந்தக் காட்சியைத்தான் அவர்கள் சேர்ந்து நடித்தவற்றில் ஆகச் சிறந்ததாக நான் கருதுகிறேன்.

எதிரெதிராக நின்றபோதும் அவர்கள் குறைந்துவிடவில்லை. 1963இல் வெளியான தெலுங்கு நர்த்தனசாலாவில் அவர் திரௌபதியை இச்சிக்கும் கீசகன், இவர் சைரந்திரி என்ற பெயரில் மறைந்து வாழும் திரௌபதி. அந்த வேடம் அவருக்கு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டே தமிழில் ‘கை கொடுத்த தெய்வ’த்தில் அவர் தந்தையாகவும் இவர் சூதுவாது அறியாத மகளாகவும் வந்தார்கள். ஊர் மகளைப் பழிக்கும்போது ஒன்றும் செய்ய இயலாமல் கூனிக் குறுகி நிற்கும் அந்தத் தந்தைதானா முந்தைய ஆண்டின் கீசகன் என்று நம்புவதே கடினம்.

ஹைதராபாத்தில் வேலைபார்த்த நாட்களில் நான் தெலுங்கு மாயா பஜாரைத் திரையரங்கில் பார்த்திருக்கிறேன். 2010இல் அது வண்ணமாக்கப்பட்டும் வெளியானது. தமிழ் மாயா பஜாரை மட்டும் கணினியில்தான் பார்க்க முடிந்தது. எனக்குக் கிடைத்த பிரதியில் முகங்கள் வெளிறிப்போயிருந்தன, பாடல்கள் நடுவில் அறுபட்டிருந்தன. திருச்சி லோகநாதன் பாடிய ‘கல்யாண சமையல் சாதம்’ தமிழ்நாட்டில் இன்றும் பந்திக்குப் பந்தி ஒலிக்கிறது. அதற்கு வாயசைத்த ரங்காராவின் முகத்தைத் துல்லியமாகப் பார்க்க நமக்கு வழியில்லை.

தமிழ்ப் பிரதியைத் தெலுங்கின் நகலாகக் கருதி ஒதுக்க முடியாது. வேறு நடிகர்களோடு, வேறு உச்சரிப்பில், தனியாக எடுத்த படம் அது. சகுனியாக அங்கே சி.எஸ்.ஆர். ஆஞ்சநேயுலு, இங்கே நம்பியார். எதிரில் நிற்பவர் மாறும்போது இவ்விருவரின் நடிப்பு எங்கே நெகிழ்கிறது, எங்கே இறுகுகிறது என்பதை அறிய இரண்டு பிரதிகளும் வேண்டும். அக்காலப் படச்சுருளில் பெரும்பாலானவை அசிடேட்டால் ஆனவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் காடி வாடை அடித்து, சுருங்கி, வளைந்துபோகக் கூடியவை. சென்னையின் தட்பவெப்பத்தில் தனியார் கிடங்குகளில் அவை எஞ்சியிருந்தால் நாள்கள் அதிகமில்லை.

ஆகவே, இவர்கள் சேர்ந்து நடித்த படங்களை மொழிவாரியாகத் தனித்தனியே பட்டியலிட்டு, எது எந்த நிலையில் உள்ளது என்பதைப் பொதுமக்கள் அறிய வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படச்சுருள் வைத்திருப்போர் தாமாகவே ஒப்படைக்கும் வகையில் தமிழ், தெலுங்கு நாளேடுகளில் அறிவிப்புத் தாருங்கள். 2027இல் மாயா பஜாருக்கு எழுபது ஆண்டுகள் நிறைகின்றன. அந்த ஆண்டில் சென்னையிலும் ஹைதராபாத்திலும் காலையில் ஒரு மொழி, மாலையில் மற்றொரு மொழி என இரண்டு பிரதிகளையும் ஒரே நாளில் திரையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்