ஆறு வோல்ட்டை மாற்ற வேண்டாம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். வேலூரில் நீங்கள் வாங்கியிருக்கும் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்ற இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பின் படங்களும் கடிதமும் கிடைத்தன. இரவில் முகப்பு விளக்குகள் மங்கி எரிவதாகவும், தரையிலுள்ள ஸ்டார்ட்டர் சுவிட்சைக் காலால் மிதித்தால் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றுவதாகவும், வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் வயரிங் முழுவதையும் எடுத்துவிட்டு 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த வண்டிக்கு 6 வோல்ட்டே போதும் என்பதைப் பணிமனையில் கண்கூடாகப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. பாலைவனத்திலும் பனியிலும் அவை இதே 6 வோல்ட் பேட்டரியில்தான் ஓடின. குறை வோல்ட்டில் இல்லை. குறைந்த வோல்ட்டில் ஓடும் வண்டி தளர்ந்த இணைப்பைப் பொறுத்துக்கொள்ளாது என்பதில்தான் இருக்கிறது. 45 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டிலோ 7.5 ஆம்பியர் இழுக்கும். இணைப்புகளில் அரை வோல்ட் தொலைந்தால் 12 வோல்ட் வண்டிக்கு அது நூற்றுக்கு நான்கு பங்கு நட்டம், உங்கள் வண்டிக்கு எட்டுப் பங்கு. பல்பின் வெளிச்சமோ அதைவிட வேகமாகக் குறையும். எட்டுப் பங்கு வோல்ட் போனால் ஏறத்தாழக் கால்வாசி வெளிச்சம் போய்விடும்.

ஆகவே முதலில் தேட வேண்டியது எர்த்தை, அதாவது வண்டியின் இரும்பு உடல் வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையை. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதிலிருந்து சேசிஸுக்குத் தனியாக ஒரு செம்புப் பின்னல் பட்டை போகிறது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் அதன் வழியாகவே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் மேலாக, வயர்லெஸ் கருவியில் இக்னிஷன் பொறியின் இரைச்சல் கேட்கக் கூடாது என்பதற்காக, பானட் உட்படப் பல பாகங்களை வெள்ளீயம் பூசிய பின்னல்களால் உடலோடு இணைத்து, பல் வைத்த வாஷர்களை இட்டு முடுக்கியிருந்தார்கள். பானட்டில் எழுதிய எண்ணுக்குப் பின்னால் ‘எஸ்’ என்ற எழுத்து இருந்தால், அந்த வண்டிக்கு இந்த ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது முதலில் கெடுவது இவைதாம். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, ஆலிவ் பச்சை பூசி முடிக்கும்போது, அந்த வாஷர்கள் கடித்துப் பிடிக்க வேண்டிய வெற்று இரும்பும் பெயிண்டுக்குள் மறைந்துவிடுகிறது. பளபளவென்று நிற்கும் வண்டியில் விளக்கு மங்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

என்னிடம் உள்ள ஜீப், பண்ருட்டிக்கு அப்பால் ஒரு முந்திரித் தோப்பில் கிடந்தது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது கொட்டகையின் கூரை பறந்துவிட, அதன் பிறகு அது மழையிலேயே நின்றிருக்கிறது. பருத்திப் பின்னலிட்ட அந்தக் கால வயர், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே முழுதாகத் தெரிந்த வயரை வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பாக இருந்தது. அத்தகைய வயரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் வயரை மாற்றிய பிறகும் செல்ஃப் மெதுவாகவே சுற்றியது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும் (கிளாம்ப்பில் அன்று, குமிழிலேயே), மறு முனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்து, இக்னிஷனை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரை மிதிக்கச் சொன்னேன். 0.9 வோல்ட் காட்டியது. அத்தனையும் எர்த் பாதையிலேயே தொலைந்துகொண்டிருந்தது. பின்னல் பட்டையின் இரு முனைகளிலும் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, புது வாஷர் இட்டு, முடுக்கிய பின் வாசலீன் தடவியதும் அது 0.1-க்கு இறங்கியது, எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. வாஷரைத் தவிர இதற்கென்று வேறு சாமான் எதுவும் வாங்கவில்லை. இங்கே கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்புவதால், மழைக்காலம் முடிந்ததும் இந்த முனைகளை மறுபடியும் பார்த்துவிடுகிறேன்.

நீங்களும் இதே அளவீட்டை எடுங்கள். அடுத்து பாசிட்டிவ் பக்கத்தில், பேட்டரிக் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை அதேபோல அளந்தால், கால் சுவிட்சின் உள்ளே தேய்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். எந்தப் பக்கத்திலும் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. உங்கள் படத்தில் தெரியும் பேட்டரி கேபிள் இக்காலக் கார்களுக்கு விற்கும் மெல்லிய கேபிள். அதை எடுத்துவிட்டு 70 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிளைப் போடுங்கள். விளக்குகள் மங்காமல் விட்டுவிட்டு எரிந்தால் காரணம் வேறு: விளக்கு சுவிட்சின் பின்னால், சூடேறினால் தானே விடுபட்டு, ஆறியதும் மீண்டும் சேரும் சர்க்யூட் பிரேக்கர் ஒன்று உண்டு, எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது என்பதற்கு அதுவே சாட்சி. முகப்பு விளக்குகளைப் பின்பக்கம் திருப்பி எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும்படி கீல் வைத்திருப்பதால், அந்த மடிப்பில் வயரைத் தடவிப் பாருங்கள். பெட்ரோல் கேஜ் பொய் சொன்னாலும் கேஜை மாற்றாதீர்கள். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே உள்ள டேங்க்குக்கு எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோவை வீண் என்று ஒதுக்குவதற்கு முன், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அதன் ஃபீல்டு (காந்தச் சுருள்) முனையைக் கணநேரம் மட்டும் எர்த்தில் தொடுங்கள். ஆம்மீட்டர் முள் ஏறினால் டைனமோ நலமாக இருக்கிறது. அதன் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியில்தான் கோளாறு. எதைக் கழற்றி மாட்டினாலும், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்தப் பெட்டியின் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு வயரால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். டைனமோவின் காந்தத் துருவங்கள் சரியாக அமைய இது அவசியம். இக்கால ஆல்டர்னேட்டர்களில் பழகிய மெக்கானிக்குகளுக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

சாமான்களைப் பொறுத்தவரை, டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் எங்கும் தேடி அலைய வேண்டாம். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் நம் ஊர்களில் எங்கும் இருக்கிறார். கைத்தேர்ச்சி உள்ளவர் உள்ளே சுழலும் ஆர்மேச்சரையும் கட்டித் தருவார். ஒன்றை மட்டும் அவரிடம் வற்புறுத்துங்கள்: ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் செல்ஃப் மோட்டாரின் பிரஷ்ஷில் செம்புக் கலப்பு அதிகமாக இருக்க வேண்டும். வீட்டு மின்சார மோட்டாரின் கரி பிரஷ்ஷை அறுத்து வைத்தால் அத்தனை ஆம்பியரை அது கடத்தாது. சிறு விளக்குகளுக்கான 6 வோல்ட் பல்புகள் பழைய ராஜ்தூத், யெஸ்டி பைக்குகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன; அடிப்பாகம் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் பிரிக்காத ராணுவப் பெட்டியில் இக்னிஷன் கன்டென்சர் கிடைத்தால் மகிழ்ச்சியில் வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது காகிதம். இத்தனை ஆண்டுகளில் ஈரம் ஏறி மின்சாரம் கசியும். 0.2 மைக்ரோஃபாரட் அளவில் புதியது ஒன்றைப் பொருத்துவதே மேல். சுவிட்ச், பித்தளை முனை, விளக்குக் கூடு போன்ற உலோகச் சாமான்கள் பழையவையாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

12 வோல்ட்டுக்கு மாறினால் இவை எல்லாவற்றையும் மீண்டும் வாங்க வேண்டும்: காயில், ஹார்ன், கேஜ், பல்பு, கட்-அவுட் அனைத்தும். செல்ஃப் மோட்டார் இரட்டை வேகத்தில் பாய்ந்து ஃப்ளைவீல் பற்களை உடைக்கக்கூடும். அந்தப் பல்வளையத்தை மாற்றுவதுதான் உண்மையில் கடினம். போரில் ஓடிய ஒரு வண்டி தன் அசல் வயரிங்கோடு நம் மண்ணில் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசையும்கூட.

பருத்திப் பின்னல் வயருக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. நாடா பின்னும் பட்டறை ஒன்றில், பிவிசி வயரின் மேல் பருத்தி நூலைப் பின்னி, அடையாள நிறக் கோட்டையும் சேர்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வண்டியின் பழைய வயர்க் கட்டிலிருந்து ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சாண் துண்டு வெட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று சீட்டுக் கட்டி, கூரியரில் அனுப்புங்கள். மல்டிமீட்டர் காட்டிய அளவுகளையும் அதனுடனேயே எழுதி வையுங்கள். அவற்றைப் பார்த்த பிறகே எத்தனை மீட்டர் பின்னச் சொல்வது என்று முடிவு செய்யலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்