யார் சொன்னது?

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் கடிதம் சென்ற வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்ததில் மகிழ்ச்சி. எனக்கும் கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஆகவே இந்த முறை பதில் நீளும்.

உன் தங்கை மகன் ஓர் இணையதளத்தில் விளையாட்டு நிருபராகச் சேர்ந்திருப்பதாகவும், நாளொன்றுக்கு 12 செய்தி போட்டாக வேண்டும் என்று அங்கே கணக்கு வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். மைதானத்தின் பக்கமே போகாதவனுக்கு 12 செய்தி எங்கிருந்து கிடைக்கும் என்ற உன் கேள்வியைத்தான் நான்கு நாட்களாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாம் பயிற்சி நிருபர்களாக இருந்த 1986 செப்டம்பர் 22 உனக்கு மறந்திருக்காது. சேப்பாக்கத்தில் கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் ஆஸ்திரேலியாவின் கிரெக் மாத்யூஸ் முறையிட, நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்த, நம் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகி, இரு அணியின் ரன்னும் சமமாக, டெஸ்ட் 'டை' ஆனது. பந்து முதலில் மட்டையில்தான் பட்டது, தீர்ப்பு தவறு என்று நான் ஆவேசமாக எழுதிக் கொடுத்த பத்தியை, நம் பிரதிகளைத் திருத்தும் தலைமை உதவி ஆசிரியரான சீஃப் சப் இரண்டு முறை படித்தார். "நீ உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரிந்ததா?" என்றார். இல்லை என்றேன். "பிறகு யார் சொன்னது?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள் என்று நான் இழுத்ததும், சிவப்புப் பேனாவால் ஒரே கோடு. மணிந்தர் சொன்னால் மணிந்தர் சொன்னதாக எழுது, நீ பார்த்தால் பார்த்ததாக எழுது, இரண்டையும் கலக்காதே என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ரஞ்சி ஸ்கோர்கார்டிலும் இதே பிடிவாதம்தான். பவுலர்கள் கொடுத்த ரன்களோடு 'பை', 'லெக் பை' என்ற உதிரி ரன்களையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். ஒருநாள் இரவு அது நான்கு ரன் இடித்தது. தொலைபேசியில் 56 என்று சொன்னது என் காதில் 52 என்று விழுந்திருக்கிறது. வெளியூரில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்கோரரை எழுப்பிக் கேட்ட பிறகுதான் பக்கம் அச்சுக்குப் போனது. நான்கு ரன்னுக்காகவா இத்தனை பாடு என்று நீ முணுமுணுத்துக்கொண்டே டீ வாங்கப் போனாய்.

2023 ஆகஸ்டில் ஜிம்பாப்வேயின் முன்னாள் கேப்டன் ஹீத் ஸ்ட்ரீக் இறந்துவிட்டார் என்ற செய்தி பரவியபோது எனக்கு அந்தச் சிவப்புப் பேனாதான் நினைவுக்கு வந்தது. அவருடன் ஜிம்பாப்வே அணியில் ஆடிய ஹென்றி ஒலாங்கா ட்விட்டரில் இரங்கல் தெரிவித்தார். அதை எடுத்து ஊடகங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வெளியிட்டன. சில மணி நேரத்தில் ஸ்ட்ரீக்கே, தான் உயிரோடு இருப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த மனிதர் அவர். செப்டம்பர் 3 அன்று உண்மையாகவே காலமானார். ஒலாங்காவை நான் குறை சொல்ல மாட்டேன். நண்பனைப் பற்றிக் கேள்விப்பட்டதை ஒரு நண்பன் சொன்னான். ஆனால் அதைச் செய்தியாக்கியவர்களில் எத்தனை பேர் ஸ்ட்ரீக்கின் வீட்டுக்கு ஒரு போன் போட்டிருப்பார்கள்? உன் மருமகனைப் போன்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். நிருபருக்கும் வாசகருக்கும் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்பவரின் நாற்காலியையே செலவு என்று எடுத்துவிட்டார்கள்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வருவதாக எண்ணிவிடாதே. தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹன்சி குரோனியேயின் சூதாட்ட விவகாரம் 2000 ஏப்ரலில் வெடித்ததற்குக் காரணம், வேறொரு வழக்குக்காக டில்லி காவல்துறை ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சு. பிரஸ் பாக்ஸில் அதற்கு முன் நம் காதில் விழுந்தது கொஞ்சமா? யார் சொன்னது என்று கேட்டோம். பெயர் சொல்ல ஆளில்லை என்றதும் அதையே சாக்காக வைத்துத் தேடாமல் இருந்துவிட்டோம். வீரரோடு ஒரே விமானத்தில் வந்து, ஒரே ஓட்டலில் சாப்பிட்டவனுக்கு மறுநாள் அவரைச் சந்தேகிக்கக் கை வராது. 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகாட்டும் சாக்ஷி மாலிக்கும் மல்யுத்தக் கூட்டமைப்புத் தலைவர் மீது பாலியல் புகார் கூறி ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்களே, அதுவரை மல்யுத்தச் செய்தியாளர்கள் எடைப் பிரிவுகளையும் பதக்கங்களையும் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்களா என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது அந்த நெருக்கமும் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் விக்கெட் கீப்பர் விருத்திமான் சாஹா, பேட்டிக்குப் பதில் தராத தனக்கு ஒரு பத்திரிகையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை வெளியிட்டார்; கெஞ்சலில் ஆரம்பித்து மிரட்டலில் முடிந்தவை அவை. இந்திய கிரிக்கெட் வாரியம் விசாரித்து அந்தப் பத்திரிகையாளருக்கு 2 ஆண்டுத் தடை விதித்தது. தடை நியாயமே. ஆனால் ஒரு பத்திரிகையாளர் செய்த தவறை அவர் யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அந்த வாரியமே விசாரித்துத் தண்டித்தது. நம் தொழிலுக்குள் அவரைக் கேட்க ஓர் அமைப்பு இல்லை என்பது அன்று பளிச்சென்று தெரிந்தது.

வீரர்களுக்கோ இப்போது நாம் தேவையில்லை. 2020-21 ஆஸ்திரேலியத் தொடரில் அடிலெய்டில் நம் அணி 36 ரன்னில் சுருண்ட பிறகு ஓய்வறையில் என்ன நடந்தது என்பதை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை. அஸ்வின் தன் யூடியூப் சேனலில், பீல்டிங் பயிற்சியாளர் ஸ்ரீதரை உட்கார வைத்துக்கொண்டு பேசியதில்தான் கேட்டேன். ரசித்துத்தான் கேட்டேன். அத்தனை நுணுக்கத்தோடு ஆட்டத்தைச் சொல்லக்கூடிய நிருபர்கள் நம்மில் குறைவு. ஆயினும், தன்னைச் சங்கடப்படுத்தும் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ளும் வீரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அமெரிக்கக் கதை இன்னும் வேடிக்கை. நியூயார்க் டைம்ஸ் 2023 ஜூலையில் தன் விளையாட்டுப் பிரிவையே கலைப்பதாக அறிவித்து, விலைக்கு வாங்கிய 'தி அத்லெடிக்' இணையதளத்திடம் வேலையை ஒப்படைத்தது. அதே ஆண்டு நவம்பரில், 1954 முதல் வரும் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் தளத்தில் இல்லாத எழுத்தாளர்களின் பெயரில், கணினி உருவாக்கிய முகப்படங்களோடு கட்டுரைகள் வந்திருப்பது அம்பலமானது. பந்து இல்லாமல் வாலிபால் பழகுவது சற்றுக் கடினம் என்கிற அரிய உண்மை அவற்றுள் ஒன்றில் இருந்தது. நம் சீஃப் சப் இருந்திருந்தால் அந்த வரியை வெட்டாமல் எழுதியவனை அழைத்து வரச் சொல்லியிருப்பார். அழைத்து வருவதற்குத்தான் ஆள் இல்லை.

உன் மருமகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். கடிதத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவன் சென்னை வரும்போது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் (டிஎன்சிஏ) லீக் ஆட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போகிறேன். காலை முதல் மாலை வரை ஸ்கோரர் பக்கத்தில் உட்கார்ந்து அவனே கூட்டிப் பார்க்கட்டும், மொத்தம் இடித்தால் அவனே போய் விசாரிக்கட்டும். அன்றைய 12 செய்திக்கு மட்டும் முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டு வரச் சொல். நீயும் கூட வந்தால், டீ வாங்கி வரும் பொறுப்பு இந்த முறை என்னுடையது.

அன்புடன்,
உன் பழைய டெஸ்க் தோழன்