கடைக்கு ஒரு மேசை, ரேடியோவுக்கு ஒரு மேசை

அன்பு மகளுக்கு,

வெளிநாட்டில் நீ திறக்கப்போகும் ரேடியோ ரிப்பேர் கடைக்கு முன்பணம் கட்டிவிட்டதாக அம்மா சொன்னாள். நல்லது. பழைய ரேடியோவைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் அங்கேயும் இருப்பார்கள். நம்மவர்கள் பெட்டியில் சுற்றிக் கொண்டுபோன செட்டு அந்த ஊர் கரண்டில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. உன் மூலதனமே அந்த அறிவுதான்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கன்வெர்ட்டர் போட்டால் போதாதா?" என்பதுதான். பாதி வேலைதான் ஆகும். கன்வெர்ட்டர் அந்த ஊர் 120 வோல்ட்டை நம்மூர் 230 ஆக்கும். ஆனால் கரண்ட் விநாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற கணக்கை, அந்த ஊர் 60 ஹெர்ட்ஸை, நம்மூர் 50 ஆக்காது. ரேடியோவுக்கு இதனால் கெடுதல் இல்லை, 50 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் 60-இல் சூடேறாமல் ஓடும். பழைய ரெக்கார்டு பிளேயர் அப்படியல்ல. மெயின்ஸில், அதாவது சுவர் கரண்டில், நேரே ஓடும் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். 33⅓ தட்டு 40 சுற்றும், பாடகர் குரல் கீச்சிடும். மோட்டார் புல்லியின் விட்டம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால்தான் சரியாகும். கடைசல்காரர் ஒருவரை இப்போதே பிடித்து வை.

டிஜிட்டல் டியூனர் செட்டில் வேறு வம்பு. மீடியம் வேவில் அது 9 கிலோஹெர்ட்ஸ் படியாகத் தாவும். அங்கே நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்று. 1010-ஐத் தேடினால் 1008-இல் நின்று கரகரக்கும். பின்பக்கமோ பாட்டரி அறையிலோ 9/10 சுவிட்ச் இருக்கிறதா பார். இல்லாவிட்டால் செட்டில் பழுதில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடு. அதற்குக் கூலி வாங்காதே, அவரே நாலு பேரை அனுப்புவார்.

கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் பழைய வால்வு செட்டில், பின்பக்க வோல்டேஜ் செலக்டரை 220-லிருந்து 120 பக்கம் மாற்றினால், ஃபியூஸையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆம்பியருக்கு மாற்ற வேண்டும். வோல்ட் பாதியானால் கரண்ட் இரட்டிக்கும். இதை மறந்தவர்கள்தான் "போட்டதும் ஃபியூஸ் போகிறது" என்று வருவார்கள்.

டிரான்ஸ்பார்மரே இல்லாத ஏசி/டிசி செட்டு வந்தால் நிதானம். அதில் சேஸிஸ் என்கிற உலோகச் சட்டம் மெயின்ஸின் ஒரு கம்பியோடு சேர்ந்தே இருக்கும். கடைகளில் விற்கும் ஸ்டெப்-அப் கன்வெர்ட்டர் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர். வோல்டை ஏற்றும், மெயின்ஸிலிருந்து பிரிக்காது. மேசைக்குத் தனியாக, மெயின்ஸிலிருந்து பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வாங்காமல் கடை திறக்காதே.

நெடுநாள் சும்மா கிடந்த செட்டை நேரே பிளக்கில் சொருகக் கூடாது. செட்டுக்குப் போகும் கம்பியில் 60 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் போடு; எல்இடி இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் மேலே போகலாம். மங்காமலே எரிந்தால் உள்ளே ஷார்ட். அணைத்த பிறகும் கரண்டைத் தேக்கிவைக்கும் ஃபில்டர் கண்டன்சரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி அதன் இரு முனைக்கும் குறுக்கே வைத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வை. செட்டு பேசினாலும், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டை (ஒலி உள்ளே வரும் முனையை) பார்க்காமல் வெளியே விடாதே. அங்கே பாசிட்டிவ் வோல்ட் தெரிந்தால், முன் வால்வின் ஆனோடிலிருந்து (ஒலி வெளியே போகும் முனையிலிருந்து) வரும் 0.01 மைக்ரோஃபாரட் காகிதக் கண்டன்சர் கசிகிறது என்று முதலில் சந்தேகப்படு. அதை விட்டால் அவுட்புட் வால்வு சிவந்து, அதோடு டிரான்ஸ்பார்மரும் போகும். 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர் போடு. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரை ஒட்டிய முதல் ஃபில்டர் கண்டன்சருக்கு மட்டும் பழைய அளவே போடு, பெரிதாக்கினால் ரெக்டிஃபையர் வால்வுக்கு ஆயுசு குறையும்.

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக நீ பேசும் உன் ஹாம் ரேடியோ செட்டு இந்த மேசைக்கு வரவே வேண்டாம். அந்த நாட்டுத் தேர்வை எழுதி அந்த ஊர் கால் சைனே (உன் அழைப்புக் குறியீடு) வாங்கிக்கொள். "உங்கள் செட்டு தயார்" என்று வாடிக்கையாளரிடம் ஹாம் பேண்டில் சொல்வதும் தப்பு. பண நோக்கமில்லாத சேவை என்றுதான் சர்வதேச விதியே அதை வரையறுக்கிறது. வாக்கி-டாக்கியை ஹாம் பேண்டில் புரோகிராம் பண்ணித் தரச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடு.

40 மீட்டர் ஹாம் பேண்டுக்கான டைபோலை, அதாவது இரண்டு கைக் கம்பி ஆன்டெனாவை, வீட்டில் கட்டு, கடையில் சார்ஜர் மாதிரியான சுவிட்ச் மோட் சப்ளைகளின் இரைச்சலே கேட்கும். 143-ஐ அலைவரிசையின் 7.15 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பி நீளம் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. அரை மீட்டர் கூடுதலாக விட்டுக் கட்டி, ஆன்டெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் எந்த அலைவரிசையில் குறைகிறது என்று அளவு மீட்டரில் பார்த்து நறுக்கு. பக்கத்துக்கு 5 செ.மீ. குறைத்தால் சுமார் 35 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். நறுக்கிய பிறகு நீட்ட முடியாது, அவசரப்படாதே.

சர்க்யூட் படம் கிடைக்காத செட்டு வந்தால் வால்வு எண்களை எழுதி அனுப்பு.

அப்பா