முத்துப் பார்களை ஆண்டுதோறும் எண்ணுங்கள்

தமிழ்நாடு மீன்வளத் துறைக்கும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலைய விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. மறுபடி எப்போது என்று கேட்பவர்கள் ஊரில் இன்னமும் உண்டு. நான் அதைக் கேட்கவில்லை. முத்துச்சிப்பி ஒட்டி வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் இப்போது எத்தனை சிப்பி இருக்கிறது, எந்த வயதில் இருக்கிறது என்று ஆண்டுதோறும் எண்ணித் தமிழில் வெளியிடுங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான்.

ஒரு தடவை எண்ணினால் போதாது. நம் முத்துச்சிப்பிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். ஒரு வருடம் பார் முழுக்கக் குஞ்சு அப்பிக் கிடக்கும், அடுத்த வருடம் வெறும் பாறை தெரியும். நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடிவிடும். சூரன் என்கிற சிறு மட்டி கூட்டமாகப் படர்ந்து அமுக்கிவிடும். திருக்கையும் நட்சத்திர மீனும் தின்று தீர்க்கும். போதாக்குறைக்கு இழுவை மடி வலை பாரை உரசிப் போனால் மிஞ்சியதும் போச்சு.

எதிர்க்கரையில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 1902-ல் கடல் உயிரியலாளர்கள் ஹெர்ட்மனும் ஹார்னலும் வந்து இலங்கைப் பார்களை ஆராய்ந்தார்கள். 1905-ல் அங்கே நடந்த குளிப்பில் ஒரே பருவத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி கிடைத்தது. அதை நம்பி ஒரு கம்பெனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு 1925 வரை அங்கே குளிப்பே நடக்கவில்லை. வளமான ஒரு பருவத்தைப் பார்த்து இருபது வருடத்துக்குக் கணக்குப் போட்டதன் விளைவு அது.

எண்ணிக்கையோடு உடற்கூறும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும். இந்தச் சிப்பிகளில் பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்கின்றன, வளர்ந்த பிறகு பல பெண்ணாக மாறுகின்றன. அப்படியானால் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கினால் முட்டையிடும் தாய்களைத்தான் எடுக்கிறோம். சிப்பி ஓட்டின் வெளிப்பக்கத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஆப்பு செருகி மெதுவாகத் திறந்து, இனப்பெருக்கச் சுரப்பியிலிருந்து துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருப்பதையெல்லாம் எண்ணி அளந்து, சிலவற்றை இப்படிச் சோதிக்கலாம். சினைப் பருவம் ஆண்டுக்கு இரண்டு என்பதால் இரு பருவத்திலும் செய்வது நல்லது.

அப்புறம் ஆட்கள். நம் ஊர் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்களுக்குப் பார்கள் பேர் பேராகத் தெரியும். அவர்களை வழிகாட்டியாக மட்டும் கூட்டிப் போகாமல், பயிற்சியும் கூலியும் காப்பீடும் கொடுத்துக் கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் என்ன மாறியிருக்கிறது என்று அவர்கள் சொல்வதும் அறிக்கையில் பதிவாகட்டும்.

சிப்பிக் குஞ்சு மூன்று வாரம்போல நீரில் மிதந்த பிறகே தரையில் ஒட்டும். அதற்குள் எவ்வளவு தூரம் போகுமோ! நம் பாரில் ஒட்டுவது நம் தாயின் குஞ்சுதானா, மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்ததா என்பதை மரபணுவை ஒப்பிட்டுத் தேடலாம். இலங்கையின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

1973-ல் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டிய நிலையம் உங்களுடையது. பிறகு பொரிப்பகக் குஞ்சுகளைக் கடலில் விட்டும் பார்த்தீர்கள். இனி அப்படி விடுவதாக இருந்தால், விடுவதற்கு முன்பு ஒரு கணக்கு, விட்ட பிறகு மூன்று ஆண்டுக்காவது தொடர் கணக்கு வேண்டும். பலன் வந்தாலும் வராவிட்டாலும் அந்த எண்களை மீன் இறங்குதளங்களில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடிக்காரன் ஒருவன்