கடிவாய் ஆறினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. மிக நல்ல காரியம். ஆனால் பிழைத்தவர், இறந்தவர் என்பதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடக் கூடாது. என் அண்ணன் பல வாரம் இரண்டுக்கும் நடுவே கிடந்தார்.

சென்ற ஐப்பசியில் கொசஸ்தலை ஆற்றில் கையால் இறால் பிடித்துவிட்டுக் கரையேறியபோது, சீமைக் கருவேலம் புதரடியில் கண்ணாடி விரியன் அவரைக் கணுக்காலில் கடித்தது. கயிற்றை இறுக்கிக் கட்டி, மந்திரிக்க அழைத்துப் போனோம். மூன்று மணி நேரம் அதிலேயே வீணானது. அந்தத் தவறு எங்களுடையது. பிறகு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். வீக்கம் வடிந்தது, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நீர் எவ்வளவு பிரிகிறது என்று யாரும் கேட்கவில்லை, கவனிக்கச் சொல்லவும் இல்லை.

வீட்டில் நாள் முழுவதும் அண்ணனுக்கு ஒரு டம்ளர் அளவுகூடச் சிறுநீர் போகவில்லை. சூடு என்று நினைத்து இளநீராக வாங்கிக் கொடுத்தேன். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்று பின்னால் மருத்துவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. முகம் உப்பி மூச்சு வாங்கிய பிறகுதான் திரும்ப ஓடினோம். ஒன்பது முறை டயாலிசிஸ் செய்தார்கள்.

இந்த விரியனின் விஷம் இரத்தம் உறையும் முறையைக் குலைக்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய நாளங்களில் இரத்தக் கட்டிகள் அடைக்கின்றன; இரத்த அழுத்தமும் சரிந்தால் கேடு இரட்டிப்பாகிறது. விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் முறிக்கும். அதற்குள் பழுதான சிறுநீரகத்தை அது சரிசெய்யாது. பலருக்குச் சில வாரங்களில் தேறிவிடுகிறது. சிலருக்கு ஆயுள் முழுவதும் டயாலிசிஸ்தான்.

எனவே, விரியன் கடித்தவரை வீட்டுக்கு அனுப்பும் முன் சிறுநீரின் அளவையும், சிறுநீரகம் வடிக்காவிட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் அளவையும் சீட்டில் எழுதித் தர வேண்டும். நீர் குறைந்தால் உடனே திரும்பி வரும்படி வீட்டாரிடம் தமிழில் சொல்ல வேண்டும். அடுத்த வாரமும் மூன்றாம் மாதமும் செய்யும் இரத்தப் பரிசோதனை எண்ணூர், மணலி சுகாதார நிலையங்களிலேயே கிடைக்க வேண்டும். நாள்கூலியை விட்டுவிட்டு யாரும் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க மாட்டார்கள். அந்த முடிவுகளும் அரசின் பதிவேட்டில் ஏற வேண்டும்.

அண்ணனுக்கு இப்போது டயாலிசிஸ் இல்லை. கிரியேட்டினின் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

வாசகி,
எண்ணூர், சென்னை.